வாவிக்கரையில கண்டல் வேலைக்கு வெளிநாட்டு நிதி எடுக்கிறது எப்பிடி: சங்கங்களுக்கான முழு வழிகாட்டி

இது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிற மீனவர் சங்கம், மாதர் சங்கம், ஆர்.டி.எஸ் (கிராம அபிவிருத்திச் சங்கம்), சின்னச் சின்ன சூழல் கழகங்கள் இதுகளுக்கு எழுதினது. வெளிநாட்டு நிதி எடுத்து வாவிக்கரையில கண்டல் காட்ட (மாங்ரோவ் காட்ட) திருப்பிக் கொண்டு வாற வேலையத்தான் உதாரணமா எடுத்திருக்கன், ஆனா பறவைச் சரணாலயம், குளத்தடிக் காடு, கடற்கரை என்டு எந்த இயற்கை இடத்துக்கும் வேலை ஒழுங்கு கிட்டத்தட்ட இதேதான்.

பெரும்பாலும் நடக்கிறது என்னென்டா, நிதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வட்ஸ்அப்பில வரும், முடிவுத் திகதிக்கு மூண்டு கிழமை இருக்கும், இங்கிலீசு தெரிஞ்ச ஒருத்தர் ராவு ராவா இருந்து ப்ரொபோசல் (திட்ட விண்ணப்பம்) எழுதுவார், அதுக்குப் பிறகு காணி யாருட என்டு தேடுவாங்க, அதுக்குப் பிறகு சங்கப் பதிவு புதுப்பிக்கவே இல்ல என்டு தெரிய வரும், எல்லாம் தாண்டிக் காசு வந்து சேர மழை தொடங்கியிருக்கும், தண்ணி ஏறுற நேரத்துல கொண்டுபோய்க் கண்டு நடுவாங்க. ஒழுங்கு அப்பிடியே தலைகீழ். முதல்ல காணி, பிறகு பேப்பர், பிறகு வாவி, அதுக்குப் பிறகுதான் எழுத்து. இதுல எழுத்துக்கு முன்னுக்கு இருக்கிற எதுக்கும் அழைப்பு வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல.

1. இடம் யாருட பொறுப்புல இருக்கு என்டு பாருங்க

கரையில ஒரு துண்டு சேத்து நிலம் சும்மா கிடந்தா "அது ஆத்தங்கரக் காணி, யாருட என்டும் இல்ல" என்டுதான் ஊருல சொல்லுவாங்க. உண்மையில அந்த ஒரு துண்டுல நாலஞ்சு திணைக்களத்துக்குக் கை இருக்கும். கண்டல் காடு என்டா பெரும்பாலும் வன இலாகா. 1937ம் வருஷத்து வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ பிரகடனம் பண்ணின இடம் என்டா வனஜீவராசிகள் திணைக்களம். கடலுக்குக் கிட்ட என்டா கரையோரம் பேணல் திணைக்களம், 1981ம் வருஷத்து 57ம் இலக்கச் சட்டப்படி கடல் உயர்நீர்க் கோட்டுல இருந்து 300 மீற்றர் உள்ளுக்கு வரைக்கும் அவங்கட வலயம், வாவி கடலோட சேருற இடத்துல அது 2 கிலோமீற்றர் வரைக்கும் உள்ளுக்க வரும். தண்ணிக்குள்ள மீன்பிடி சம்பந்தமா ஏதும் மாத்தணும் என்டா கடற்றொழில் திணைக்களம். மிச்சம் அரச காணி என்டா டி.எஸ் ஒபிஸ், அதாவது பிரதேச செயலகம்.

அதனால முதல் வேலை, போன்ல இருக்கிற ஜி.பி.எஸ்ஸால இடத்துட மூலைகள எடுத்து எழுதிக்கங்க, ஒரு கையால கீறின படமும் வைங்க. அதக் கொண்டு முதல்ல ஜி.எஸ்கிட்ட (கிராம சேவகர்), அங்க இருந்து டி.எஸ் ஒபிஸ் காணிப் பிரிவு, கடைசியா திணைக்களம். இந்த ஒழுங்குலதான் போகணும், ஏனென்டா மேல இருக்கிறவர் எப்பவும் கீழ இருக்கிறவர்ட பேப்பரத்தான் கேப்பார், நேரா வன இலாகாட ரேஞ்ச் ஒபிஸ்ல போய் நிண்டா "டி.எஸ் கடிதம் எங்க" என்டு திருப்பி அனுப்பிடுவாங்க, ஒரு நாள் வேலையும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

வாயால சொன்ன சம்மதத்த நம்பி எழுதாதீங்க. சேர் நல்ல மனிசன், "செய்ங்க தம்பி, நல்ல வேலைதானே" என்டு சொல்லுவார், ஆறு மாசத்துல அவருக்கு இடமாற்றம் வந்துரும், புதுசா வாறவருக்கு உங்களத் தெரியாது. ஆட்சேபனை இல்ல என்டு கடிதமா எடுங்க, அதுல சங்கத்துட பேரும் அந்த ஜி.பி.எஸ் இலக்கங்களும் இருக்கணும், "மேற்படி இடத்தில்" என்டு மட்டும் இருந்தா நாளைக்கு எந்த இடம் என்டு சண்டை வரும்.

தேசிய பூங்கா எல்லைக்குள்ள என்டா (எங்கட பக்கம் குமண, கல்லோயா) சங்கம் தனிய உள்ளுக்க போய் ஒண்டும் செய்ய ஏலாது, அனுமதி இல்லாம நுழையவே ஏலாது. அப்பிடியான இடத்துல உங்கட திட்டம் எல்லைக்கு வெளியில இருக்கிற ஊரச் சுத்தித்தான் இருக்கணும். சரணாலயம் வேற கதை, அதுக்குள்ள தனியார் காணியும் இருக்கலாம், நுழையிறதுக்கு அனுமதி தேவையில்ல, ஆனா மரம், மிருகத்துக்கான பாதுகாப்பு இருக்கு. பொத்துவில், பாணமைப் பக்கம் வேலை செய்றவங்க இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறத நிறையப் பாத்திருக்கன்.

இன்னொரு பொறுப்பும் இருக்கு, அது எந்தக் கந்தோர்லயும் பதிஞ்சிருக்காது. அந்தக் கரையில யார் அத்தாங்கு (கைவலை) போடுறாங்க, யாருட மாடு மேயுது, எந்த ஊர் ஆக்கள் தோணி இழுத்துக் கட்டுறாங்க. ஒரே கரையில தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற இடங்கள்ல ரெண்டு பக்கமும் போய்க் கதைக்கணும், கோயில் நிருவாகத்திட்டயும் பள்ளிவாசல் நிருவாகத்திட்டயும் சொல்லணும். வேலி போட்ட பிறகு போய்ச் சொன்னா அது அறிவிப்பு, போடுறதுக்கு முன்னுக்கு போனாத்தான் அது கேக்கிறது, அந்த வித்தியாசம் மாட்டுக்காரருக்கு நல்லா விளங்கும்.

2. சங்கத்துட பேப்பர ஒழுங்கு பண்ணுங்க

தேவைப்படுறது இதுதான்: செல்லுபடியான பதிவுச் சான்றிதழ், யாப்பு, கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, இப்ப இருக்கிற நிருவாகப் பட்டியல், சங்கப் பேருல வங்கிக் கணக்கு, ஒடிட் பண்ணின கணக்கறிக்கை. நிதி குடுக்கிறவங்க இதெல்லாத்தையும் கேக்கிறது உங்கள நம்பாம இல்ல, அவங்களுக்கு மேல இருக்கிறவங்க அவங்களக் கேப்பாங்க.

அதிகமா சறுக்கிற இடம் பேர். பதிவுச் சான்றிதழ்ல ஒரு எழுத்து, பாஸ்புக்ல வேற எழுத்து, ரப்பர் முத்திரையில இன்னொரு விதம். வங்கி இதக் காரணம் காட்டிக் காச நிப்பாட்டி வைக்கும், அதச் சரிப்படுத்தப் பொதுக்கூட்டத் தீர்மானம், கடிதம் என்டு மாசக்கணக்கா இழுபடும். இண்டைக்கே மூண்டையும் பக்கத்துல வைச்சு எழுத்து எழுத்தாப் பாருங்க.

அடுத்தது, கணக்கு தூங்கிப் போயிருக்கும். கனகாலம் காசு போடாம எடுக்காம விட்ட கணக்க வங்கி முடக்கி வைச்சிருக்கும், கையெழுத்துப் போடுறவங்கள்ல ஒருத்தர் கட்டாருக்கோ சவுதிக்கோ போயிருப்பார். அதயும் இப்பவே மாத்திருங்க.

3. எந்தக் கதவத் தட்டுறது

இதச் சுருக்கமா சொல்றன். ஊர்ச் சங்கத்துக்கு நேரடியா காசு தாற கதவுகள்ல முக்கியமானது உலகச் சுற்றாடல் வசதியத்துட சிறு மானியத் திட்டம், 1992ல தொடங்கினது, ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் ஊடா நடக்குது. அரசாங்கத் திணைக்களத்துக்கு இதுல காசு இல்ல, சமூக அமைப்புக்கும் அரச சார்பற்ற அமைப்புக்கும்தான். கனகாலமா ஒரு திட்டத்துக்கு உச்ச வரம்பு 50,000 டொலரா இருந்தது, ஆனா ஒவ்வொரு அழைப்புலயும் போட்டிருக்கிற தொகையப் பாத்துத்தான் எழுதணும். தெரிவு செய்றது நாட்டுக்குள்ள இருக்கிற ஒரு வழிநடத்தல் குழு, அதுல அரசாங்கத்துக்கு வெளியில இருக்கிற ஆக்கள்தான் பெரும்பான்மை.

கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துல படிச்சிட்டு நிக்கிற பிள்ளை ஒண்டு ஊருல இருந்தா றஃபர்ட் பவுண்டேஷன் மாதிரித் தனி ஆட்களுக்குத் தாற சின்ன மானியத்துக்கும் போடலாம். ஒரு குறிப்பிட்ட மிருகம், பறவை, செடிக்காக என்டா முகம்மது பின் சாயித் இனப் பாதுகாப்பு நிதியம் இருக்கு. சங்கமும் அந்தப் பிள்ளையும் சேந்து வேலை செய்தா ரொம்ப நல்லம், கணக்கெடுப்பு, எழுத்து வேலை அவங்க பக்கத்தால வரும்.

ராம்சார் என்டுறதப் பத்தி நிறையப் பேர் பிழையா விளங்கியிருக்காங்க. அது 1971ல ஈரான்ல கைச்சாத்தான ஈரநில ஒப்பந்தம், இலங்கை 1990ல சேந்தது. எங்கட பக்கம் 2010ல குமண ஈரநிலத் தொகுதி அந்தப் பட்டியல்ல ஏறினது. மட்டக்களப்பு வாவி பட்டியல்ல இல்ல. பட்டியல்ல ஏறினா வெளிநாட்டுல இருந்து காசு கொட்டும் என்டு நினைக்கிறது பிழை, அந்த இடத்துட தன்மையக் காப்பாத்துறன் என்டு எங்கட அரசாங்கம் மத்த நாடுகளுக்குக் குடுத்த வாக்குத்தான் அது. ப்ரொபோசல்ல எழுத அது நல்ல காரணம், அவ்வளவுதான்.

4. வாவிட காலண்டர எழுதுங்க

இந்தப் படியத்தான் எல்லாரும் விடுறாங்க, ஆனா கண்டு பிழைக்கிறதும் சாகிறதும் இதுலதான்.

மட்டக்களப்பு வாவிக்கு ரெண்டு வாய், பாலமீன்மடுவுல ஒண்டு, கல்லாத்துல ஒண்டு. வெயில் காலத்துல மணல் வந்து அடைச்சிரும். அடைச்சிருக்கிற மாசங்கள்ல கடல் ஏத்த இறக்கம் உள்ளுக்க வராது, தண்ணி வத்தி வத்தி கரைச் சேறு வெளியில தெரியும், உப்பும் கூடும். ஒக்டோபர் கடைசியில மழை தொடங்கினா படுவான்கரைப் (வாவிட மேற்குக் கரை) பக்கத்துத் தண்ணி எல்லாம் வாவிக்குத்தான் வரும், மட்டம் ஏறிக்கிட்டே போகும், வெள்ளாமை தாழுற நிலை வந்தா கச்சேரியில (மாவட்டச் செயலகத்துல) கூட்டம் போட்டு முகத்துவாரத்த வெட்டுவாங்க. எப்ப வெட்டுறது என்டுறதுல வயல்காரருக்கும் மீன்காரருக்கும் எப்பவும் இழுபறிதான், அது தனிக் கதை.

இப்ப யோசிச்சுப் பாருங்க, ஓகஸ்ட் மாசம் இடம் பாக்க ஒரு டீம் வருது. காஞ்ச சேறு, காலடி வைக்க வசதியா இருக்கு, போட்டோ நல்லா வருது, "இங்க நடலாம்" என்டு குறிச்சிட்டுப் போறாங்க. அதே இடம் டிசம்பர்ல இடுப்பளவு தண்ணிக்குள்ள, அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, கிழமைக்கணக்கா. கலங்கின வெள்ளத்துக்குள்ள முழுசா மூழ்கிக் கிடந்த சின்னக் கண்டு பிழைக்காது. கண்டல் தண்ணிக்குள்ள வளருற மரம்தானே என்டு சொல்லுவாங்க, வேர்தான் தண்ணிக்குள்ள இருக்கும், இலை மூச்சு எடுக்க வெளியில நிக்கணும்.

அதனால ஒரு மாரியாவது இடத்தப் பாருங்க. ஒரு நீளக் கம்புல அடிக்கணக்குக் குறிச்சு நட்டு வைச்சு கிழமைக்கு ஒருக்கா தண்ணி மட்டத்த கொப்பியில எழுதினாப் போதும், பள்ளிக்கூடப் பிள்ளையே செய்யும். மாரி முடிஞ்சு இடம் பாக்க வந்தவங்க பக்கத்து மரக் கொப்புகளப் பாருங்க, ஆத்துவாழை (தண்ணியில மிதக்கிற ஆகாயத்தாமரை) காஞ்சு சருகாத் தொங்கும், பொலித்தீன் மாட்டிக்கிட்டு நிக்கும், வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கு என்டு அதுவே சொல்லும்.

என்ட அபிப்பிராயம், எங்கட வாவிக்கு நடுகை வெள்ளம் இறங்கின பிறகு, பெப்ரவரி மார்ச்சுல தொடங்கணும், அப்பதான் அடுத்த மாரிக்கிடையில கண்டு உயரும். நிதி குடுக்கிறவங்கட காலண்டர் இதோட பொருந்தாது. ஒப்பந்தம் செப்டம்பர்ல கைச்சாத்தாகி "முதல் மூண்டு மாசத்துல நடுகை" என்டு நீங்களே எழுதிக் குடுத்திருந்தா, அடைமழைக்குள்ள நட்டுத்தான் ஆகணும், இல்லாட்டி விளக்கக் கடிதம் எழுதணும். அதனால அட்டவணையில பருவத்தோட சேத்து எழுதுங்க: மாரிக்கு முன்னுக்கு வேலி, மாரிக்குள்ள நாத்துமேடை, பயிற்சி, வெள்ளம் இறங்க நடுகை. ஏன் அப்பிடி என்டு ஒரு பந்தியும் போடுங்க, இத விளங்காத குழு இல்ல, சொல்லாதவங்கதான் கூட.

5. இடத்துல ஏன் கண்டல் இல்ல என்டு கண்டுபிடிங்க

கண்டல் விதை தண்ணியில மிதந்து போற விதை. நூறு மீற்றர் தள்ளித் தாய்மரம் நிக்குது, ஒவ்வொரு வருஷமும் விதை இந்தக் கரையில வந்து ஒதுங்குது, அப்பிடியும் இங்க ஒண்டும் முளைக்கல்ல என்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். அதக் கண்டுபிடிக்காம நட்டா அதே காரணம் உங்கட கண்டயும் கொல்லும்.

பெரும்பாலும் வாற காரணங்கள்: மாடு மேயுது, விறகுக்கு வெட்டினது, றோட்டு போட்டோ இறால் பண்ணைக் கட்டு போட்டோ தண்ணி வரத்த மறிச்சது, குப்பை கொட்டுறது, இல்லாட்டி அந்த இடம் எப்பவுமே கண்டலுக்கு ஆழம் கூடின இடம். கட்டு மறிச்சுத்தான் காரணம் என்டா மதகு ஒண்டு போட்டுத் தண்ணிய விட்டாலே விதை தன்பாட்டுல வந்து முளைக்கும், நாத்துமேடையே தேவைப்படாது. இது ப்ரொபோசலுக்கு அழகில்லாத வேலை, கண்டு நடுற போட்டோ வராது, ஆனா நிண்டு பிடிக்கும்.

2017ல வெளியான ஒரு ஆய்வு இலங்கையில கண்டல் நட்ட 23 இடங்களப் போய்ப் பாத்தது. அதுல 9 இடத்துல ஒரு கண்டு கூட உயிரோட இல்ல. பாதிக்கு மேல பிழைச்சது மூண்டே மூண்டு இடம், கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. சுனாமிக்குப் பிறகு நல்ல மனசோட எவ்வளவோ காசு போட்டு நட்டது, பெரும்பகுதி போயிட்டு. காரணம் என்டு சொன்னதுல முக்கியமானது பிழையான இடத்துல பிழையான இனம் நட்டது, நட்ட பிறகு பாக்காம விட்டது, மாடு மிதிச்சது, பாசி சுத்தினது. 2024ல இலங்கைட கண்டல் மீளுருவாக்க வேலைய ஐ.நா. உலகத்துக்கே முன்மாதிரியான மீளுருவாக்கத் திட்டங்கள்ல ஒண்டா அறிவிச்சிருக்கு, அதனால இனி வாற குழுக்கள் எத்தனை நட்டீங்க என்டுறத விட எத்தனை நிக்குது என்டுதான் கேப்பாங்க.

செய்ய வேண்டியது இதுதான். பக்கத்துல நல்லா நிக்கிற கண்டல் கூட்டம் ஒண்டுக்குப் போங்க, தண்ணி ஓரத்துல இருந்து தரைப் பக்கமா நேரா நடங்க, எந்த இடத்துல எந்த மரம் நிக்குது, அங்க தண்ணி எவ்வளவு என்டு எழுதிக்கிட்டே போங்க. முண்டு குடுத்த கால் மாதிரி வேர் ஊண்டி நிக்கிறது கண்டல், காட்டுக்குச் சொல்ற பேர்தான் இந்த ஒரு மரத்துக்கும். சேத்துக்குள்ளால பென்சில் பென்சிலா மூச்சு வேர் மேல வந்திருந்தா கண்ணா. இன்னும் மேட்டுக்குப் போனா தில்லை. தில்லைக் கொப்ப கையால முறிக்காதீங்க, பால் கண்ணுல பட்டா எரிஞ்சு பார்வையே மங்கும், கூட வாற பிள்ளைகளுக்கு இத முதல்ல சொல்லிருங்க. உங்கட இடத்துலயும் அதே தண்ணி மட்டத்துக்கு அதே மரத்தத்தான் வைக்கணும். எல்லா இடத்துலயும் கண்டல மட்டுமே நடுறதுக்கு ஒரே காரணம் அதுட விதை நீளமா, எடுக்க லேசா இருக்கிறதுதான்.

தண்ணிக்கடியில புல்லு வளருற இடத்துலயும், வத்துக் காலத்துல வலசைப் பறவை இறங்கி மேயுற வெறும் சேத்து மேட்டுலயும் நடாதீங்க. இறால் குஞ்சு அந்தப் புல்லுக்குள்ளதான் வளருது, அது ஏற்கனவே நல்ல இடம், அத மாத்தத் தேவையில்ல. பல நாடு தாண்டி வாற பறவைட சாப்பாட்டு மேட்ட மூடினா இயற்கைப் பாதுகாப்பு என்டு எழுதிப்போட்டு அதுக்கு எதிரான வேலையத்தான் செய்திருப்பீங்க.

6. இனி எழுதுங்க

முதல்ல தமிழ்ல எழுதுங்க. அழைப்புல தமிழ் ஏற்பாங்க என்டு இருந்தா அப்பிடியே அனுப்புங்க, இல்லாட்டி பிறகு மாத்தலாம். நேரா இங்கிலீசுல தொடங்கினா என்ன நடக்கும் என்டா வேற யாருடயோ பழைய ப்ரொபோசல்ல இருந்து வசனம் வந்து ஒட்டிக்கும், ஊருப் பேர எடுத்துட்டா திருகோணமலைக்கும் சரி புத்தளத்துக்கும் சரி என்டு இருக்கும், குழுவுல இருக்கிறவங்க அந்த வசனங்கள நூறு தரம் வாசிச்சவங்க.

பிரச்சினைய ஒரு பக்கத்துக்குள்ள சொல்லுங்க, படி 5ல கண்டுபிடிச்ச காரணத்தோட. பிறகு இலக்கு. "10,000 கண்டு நடப்படும்" என்டு இலக்கு வைச்சா மாட்டினீங்க, அத நட்டுக் காட்டியாகணும், இடம் அவ்வளவு கொள்ளாட்டியும் நெருக்கி நெருக்கி நடுவீங்க. "இத்தனை ஏக்கர்ல தண்ணி வரத்து சரிப்படும், ரெண்டு வருஷத்துக்குப் பிறகு நட்டதுல பாதிக்கு மேல உயிரோட நிக்கும்" என்டு எழுதுறது உங்களுக்கும் நல்லம், அவங்களுக்கும் நம்பிக்கை.

திட்டம் முடிஞ்ச பிறகு யார் பாக்கிறது என்டு கட்டாயம் கேப்பாங்க. "சங்கம் தொடர்ந்து பராமரிக்கும்" என்டா அது பதில் இல்ல. எந்தச் சங்கம், எந்த வருமானத்துல, திணைக்களத்தோட என்ன உடன்பாடு, இது மூண்டும் இருக்கணும். பொத்துவில் களப்புல தோணியில கண்டல் பாக்கக் கூட்டிட்டுப் போற மீனவர் இருக்காங்க, அப்பிடி ஒரு வருமானத்துல ஒரு பங்கு வேலிக்கு என்டு காட்டினா அது பதில்.

7. பட்ஜெட்

ரூபாயில போட்டு, எந்த டொலர் விலைக்குப் போட்டீங்க என்டு கீழ எழுதுங்க. 2022ல கிட்டத்தட்ட 200 ரூபாயில நிண்ட டொலர் ரெண்டு மாசத்துக்குள்ள 360க்குப் போனது, எண்ணெய் இல்ல, கம்பி விலை எல்லாம் ஏறிப்போச்சு, ஓடிக்கிட்டு இருந்த திட்டங்கள் பட்ட பாடு ஊருல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். விலை மாறினா எந்த வரியக் குறைச்சு எதுக்குப் போடலாம் என்டு முன்னுக்கே கேட்டு வைங்க.

மறக்கிற செலவுகள்: ஒடிட் கட்டணம், வங்கிக் கட்டணம், தோணி வாடகை, எண்ணெய், செத்த கண்டுக்குப் பதில் நடுறது, மாரிக்குப் பிறகு வேலி திருத்துறது. இந்தக் கடைசி ரெண்டும் இல்லாம எழுதின பட்ஜெட்ட அனுபவப்பட்டவர் பாத்த உடனயே இவங்க இதுக்கு முன்னுக்கு நடல்ல என்டு பிடிச்சிருவார்.

போடக்கூடாத செலவு என்டா மேடை, பெனர், மாலை, அதிதிக்குச் சாப்பாட்டுப் பார்சல். திறப்பு விழாவுக்குப் போற காசுல ஒரு கரை முழுக்க வேலி அடிக்கலாம். அரசியல்வாதி வந்து நட்ட கண்டுக்கு மட்டும் தனியாக் கூடு கட்டித் தண்ணி ஊத்துறதயும் பாத்திருக்கன், உப்புத் தண்ணிக்குள்ள நிக்கிற மரத்துக்கு!

சங்கத்துட பங்கு என்டு ஒரு வரி இருக்கும். காசு இல்ல என்டு வெறுமையா விடாதீங்க, சிரமதானம், தோணி, கூட்டம் நடத்துற மண்டபம் எல்லாம் பங்குதான். ஊர்ல நடக்கிற நாட்கூலிய வைச்சுக் கணக்குப் போடுங்க, கூட்டிப் போடாதீங்க, பிறகு வரவுப் பதிவேட்டால அத நிரூபிக்கணும்.

8. அனுப்பின பிறகு

கேள்வி கேட்டு மெயில் வரும், இடம் பாக்க ஆள் வருவாங்க. அந்த மெயில யார் பாக்கிறது என்டு முன்னுக்கே ஒருத்தரப் போடுங்க, பழைய செயலாளர்ட பேரனுட மெயில் குடுத்திட்டு அவன் வெளிநாடு போய்ப் பதில் இல்லாமப் போன திட்டமும் உண்டு.

இடம் பாக்க வாறவங்களுக்கு அலங்காரம் தேவையில்ல. படி 4ல எழுதின தண்ணிமட்டக் கொப்பியக் காட்டுங்க, மாட்டுக்காரரையும் அத்தாங்கு போடுற பொம்பளைகளயும் கதைக்க விடுங்க. தலைவர் மட்டும் கதைக்கிற சங்கத்த அவங்க ரெண்டு நிமிஷத்துல விளங்கிக்குவாங்க.

சரிவந்தா ஒப்பந்தம் வரும். காசு ஒரேயடியா வராது, தவணை தவணையா வரும், முதல் தவணைக்குக் கணக்கும் அறிக்கையும் குடுத்தாத்தான் அடுத்தது. கையெழுத்துக்கு முன்னுக்கு தவணைத் திகதியையும் உங்கட வாவிக் காலண்டரையும் பக்கத்துல வைச்சுப் பாருங்க, நடுகைக்கான காசு ஏப்ரல்ல வாறதா இருந்தா அப்பவே சொல்லி மாத்துங்க. கையெழுத்துப் போட்ட பிறகு மாத்துறது சரியான கஷ்டம்.

9. வேலை

வேலி முதல்ல, கண்டு பிறகு. பெரும்போகம் விதைச்சா மாடு வயலுக்குள்ள போக ஏலாது, கரைப்பக்கம்தான் திரும்பும், அதனால மாரிக்கு முன்னுக்கே வேலி நிக்கணும். தோணி இழுக்கிற பாதைய விட்டுட்டு அடிங்க, இல்லாட்டி ராவோட ராவா கம்பி வெட்டுப்படும்.

விதை எடுக்கிறது மரத்துல இருந்து பிடுங்கிறது இல்ல. முத்தின கண்டல் விதைட மேல்ப்பக்கம், காயோட சேருற இடத்துல மஞ்சளா ஒரு வளையம் தெரியும், லேசாத் தொட்டுத் திருப்பினா கையோட வரும், அப்பிடி வராட்டி விடுங்க, அது இன்னும் பிஞ்சு. கீழ விழுந்ததுல ஓட்டை இருக்கா, நுனி கறுத்திருக்கா என்டு பாத்து எடுங்க, நண்டு கடிச்சது முளைக்காது. நிழல்ல ஈரச் சாக்குல வைச்சு சுணங்காம நடுங்க. கூர் நுனி கீழ, மூணுல ஒரு பங்கு சேத்துக்குள்ள, நேரா. தலைகீழா நடுறது சிரிப்பான விஷயம் மாதிரி இருக்கும், ஆனா பள்ளிக்கூடப் பிள்ளைகளக் கொண்டு நடுற நாள்ல கட்டாயம் ரெண்டு வரிசை அப்பிடித்தான் நிக்கும், பின்னால ஒரு பெரிய ஆள் பாத்துக்கிட்டே போகணும்.

வரவுப் பதிவேடு, பில், வவுச்சர் எல்லாம் அண்டண்டைக்கே. தோணிக்காரர் பில் தர மாட்டார், அவருக்கு வவுச்சர்ல பேர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எடுத்துக்கங்க. மூண்டு மாசத்துக்குப் பிறகு ஞாபகத்துல எழுதின கணக்கு ஒடிட்ல நிக்காது.

10. எண்ணுறதும் குடுக்கிறதும்

எல்லாக் கண்டையும் எண்ண ஏலாது. 10 மீற்றருக்கு 10 மீற்றர் சதுரமா நாலஞ்சு இடத்துல கம்பு நட்டுக் குறிச்சு, ஒவ்வொரு தரமும் அதே சதுரத்துக்குள்ள உயிரோட நிக்கிறத எண்ணுங்க, தண்டுல சிப்பி ஒட்டியிருக்கா, பாசி சுத்தியிருக்கா என்டும் எழுதுங்க, பாசியக் கையால எடுத்து விடலாம். போட்டோவும் ஒரே கம்புல இருந்து ஒரே பக்கம் பாத்து எடுங்க. நல்லா வளந்த மூலைய மட்டும் எடுத்து அனுப்பினா முதல் அறிக்கைக்கு அழகா இருக்கும், அடுத்த அறிக்கையில கேள்வி வரும்.

செத்தத மறைக்காதீங்க. எத்தனை செத்தது, ஏன், என்ன மாத்துறீங்க என்டு எழுதினா அடுத்த தவணை நிக்காது, மறைச்சு வைச்சு அவங்களே வந்து பாத்தாத்தான் நிக்கும்.

எண்ணிக்கைய நிதி குடுத்தவங்களுக்கு மட்டும் அனுப்பிட்டு விட்டுறாதீங்க. ஒரு கொப்பி வன இலாகாவுக்கு, ஒண்டு டி.எஸ் ஒபிஸுக்கு. நாடு ராம்சார் மாநாட்டுக்கு மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா அறிக்கை குடுக்கணும், அத எழுதுறது வனஜீவராசிகள் திணைக்களம், ஈரநிலத்துல வேலை செய்தா அவங்களுக்கும் ஒண்டு அனுப்புங்க. உங்கட கொப்பி அவங்க கையில இருந்தாத்தான் கிழக்குக் கரைட நிலைமை அந்த அறிக்கையில வரும், இல்லாட்டி கொழும்புல இருந்து பாத்து எழுதினதுதான் வரும்.

மூலப் பேப்பர் எல்லாத்தையும், ஆட்சேபனையில்லாக் கடிதம், ஒப்பந்தம், தண்ணிமட்டக் கொப்பி, ஒடிட் ரிப்போர்ட், ஒரே ஃபைல்ல போட்டு, நிருவாகம் மாறுற பொதுக்கூட்டத்துல புதுப் பொருளாளர்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுங்க, அத அண்டைய கூட்ட அறிக்கையிலயும் எழுதுங்க. அடுத்த அழைப்புக்குப் போடுறப்ப முதல் கேக்கிறது அந்த ஃபைலத்தான்.